நினைவிழப்பு நோய்க்குப் புதிய மருந்து: 27 விழுக்காட்டின் பின்னால் உள்ள கணக்கு

முதுமை மறதியை உண்டாக்கும் அல்சைமர் நோய்க்கான லெகனெமாப் என்னும் மருந்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023 ஜூலை 6ஆம் நாள் முழு ஒப்புதல் அளித்தது. ஐரோப்பிய மருந்து முகமையின் நிபுணர் குழு 2024 ஜூலையில் அதே மருந்தை ஏற்க மறுத்தது. பின்னர் நவம்பரில், நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு மட்டும் கொடுக்கலாம் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டது. பிரிட்டனில் 2024 ஆகஸ்ட் 22ஆம் நாள், ஒரே நாளில் இரண்டு அறிவிப்புகள் வெளியாயின. மருந்தை விற்க ஒழுங்குமுறை அமைப்பு உரிமம் தந்தது. அரசுச் சுகாதாரச் சேவைக்கு ஆலோசனை கூறும் அமைப்போ, கிடைக்கும் பயன் செலவுக்கு ஈடாகாது என்று தன் வரைவு அறிக்கையில் சொன்னது.

இவர்கள் அனைவரும் முதன்மையாக எடைபோட்டது ஒரே மூன்றாம் கட்ட ஆய்வைத்தான். ஆனால் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் பட்டர்வொர்த்திலும் முதுமை மறதியால் அவதிப்படும் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு, "நோய் 27 விழுக்காடு குறைகிறது" என்ற ஒரு வரியும் "மூளையில் இரத்தம் கசிகிறது" என்ற இன்னொரு வரியுமாகத்தான் அச்செய்தி புலனத்தில் வந்து சேர்கிறது. இரண்டையும் பொய் என்று தள்ளிவிட முடியாது. அதே நேரத்தில், அப்பாவுக்கு இந்த மருந்து உதவுமா என்ற கேள்விக்கு இரண்டுமே பதில் சொல்வதில்லை. 2018ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்நிலைக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு முதுமை மறதி இருக்கக்கூடும் என்று மதிப்பிடப்பட்டது. எனவே இது சில குடும்பங்களின் கவலை மட்டுமன்று.

மூளை, நரம்பு நோய்களுக்கான ஆய்வு முடிவு ஒன்றைப் படிக்கும்போது எதை அளந்தார்கள், எதனோடு ஒப்பிட்டார்கள், யாரிடம் சோதித்தார்கள் என்ற மூன்றும் தெரிந்தாக வேண்டும். அவற்றை விளக்கக் கோலாலம்பூரிலேயே நடந்த ஆய்வு ஒன்றும் துணைக்கு வரும்.

ஆய்வுக் கட்டங்கள்

புதிய மருந்து ஒன்று ஆய்வகத்தையும் விலங்குச் சோதனையையும் தாண்டி மனிதரிடம் வரும்போது வழக்கமாக மூன்று கட்டங்களைக் கடக்கிறது.

1. முதற்கட்டத்தில் சில பத்துப் பேருக்கு, பெரும்பாலும் உடல்நலத்தோடு இருப்பவர்களுக்கு, மருந்து கொடுத்து எந்த அளவுவரை உடல் தாங்குகிறது என்று பார்க்கிறார்கள்.
2. இரண்டாம் கட்டத்தில் நோயாளிகள் வருகிறார்கள். சரியான அளவு எது, பயன் இருப்பதற்கான அறிகுறி தென்படுகிறதா என்பவை இங்கே ஆராயப்படுகின்றன.
3. மூன்றாம் கட்டத்தில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்தும் மற்றதற்கு மருந்தைப் போன்றே தோன்றும் போலிமருந்தும் கொடுத்து ஒப்பிடுகிறார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, அவரை மதிப்பிடும் மருத்துவருக்கும் தெரியாது.

எந்தக் கட்டத்தின் முடிவு என்பதைத் தலைப்புச் செய்திகள் பெரும்பாலும் சொல்வதில்லை. சொல்லாததால் என்ன நேரும் என்பதற்கு தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிந்துபோகும் இயக்க நரம்பணு நோய்க்கான ரெலிவ்ரியோ மருந்து அண்மைய எடுத்துக்காட்டு. 137 பேர் பங்கேற்ற இரண்டாம் கட்ட ஆய்வை முதன்மைச் சான்றாகக் கொண்டு 2022 செப்டம்பரில் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது. சில ஆண்டுகளில் உயிரைப் பறிக்கும் நோய் என்பதால், காத்திருக்கச் சொல்வது கொடுமை என்ற வாதம் வென்றது. பிறகு 664 பேரிடம் நடந்த மூன்றாம் கட்ட ஆய்வில் போலிமருந்துக்கும் அதற்கும் வேறுபாடு காணப்படவில்லை என்று 2024 மார்ச்சில் தெரிந்தது. அடுத்த மாதமே நிறுவனம் மருந்தைச் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்வதாக அறிவித்தது. அவசரப்பட்டதற்காக அந்த நோயாளிகளை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் இரண்டாம் கட்டத்து நம்பிக்கை மூன்றாம் கட்டத்தில் கரைந்துபோவது நரம்பியலில் அடிக்கடி நடப்பதுதான்.

எதை அளந்தார்கள்?

நீரிழிவுக்கு இரத்தச் சோதனை உண்டு. இரத்த அழுத்தத்துக்குக் கருவி உண்டு. ஒரு மனிதர் தன் வாழ்க்கையை எந்த அளவுக்குத் தானே நடத்திக்கொள்கிறார் என்பதைக் காட்டும் கருவி எதுவும் கிடையாது. மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவத்தைப் பெட் (PET) ஸ்கேன் படத்தில் காணலாம். லெகனெமாப் அதை வெகுவாகக் குறைக்கிறது என்பதும் ஐயமின்றி நிறுவப்பட்டிருக்கிறது. என்றாலும், படிவம் குறைந்தால் நோயாளியின் நாள்கள் எளிதாகின்றனவா என்பது வேறு கேள்வி. அமிலாய்டைக் குறைத்தும் நோயாளிக்கு எந்தப் பயனும் தராமல் தோற்ற மருந்துகள் இதற்குமுன் பல இருந்தன.

ஆகவே ஆய்வாளர்கள் மதிப்பெண் அட்டவணைகளை நாடுகிறார்கள். லெகனெமாப் ஆய்வில் பயன்பட்ட அட்டவணை ஆறு துறைகளைப் பார்க்கிறது: நினைவு, இடமும் காலமும் பற்றிய உணர்வு, முடிவெடுக்கும் திறன், வெளிவட்டாரப் புழக்கம், வீட்டு வேலையும் பொழுதுபோக்கும், தன்னைத் தானே பேணிக்கொள்ளுதல். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 18. எண் கூடக் கூட நோய் முற்றுகிறது என்று பொருள். ஆய்வில் சேர்ந்த 1,795 பேரும் நோயின் தொடக்க நிலையில் இருந்தவர்கள். சேரும்போது அவர்களின் சராசரி மதிப்பெண் ஏறத்தாழ 3.2.

18 மாதங்களுக்குப் பிறகு கிடைத்த கணக்கு இது:

1. போலிமருந்து பெற்றவர்களின் மதிப்பெண் சராசரியாக 1.66 கூடியது.
2. மருந்து பெற்றவர்களின் மதிப்பெண் சராசரியாக 1.21 கூடியது. அதாவது அவர்களுக்கும் நோய் முற்றத்தான் செய்தது.
3. இடைவெளி 0.45. அதை 1.66ஆல் வகுத்தால் 27 விழுக்காடு. தலைப்புகளில் வந்த எண் இதுதான்.
4. அதே 0.45ஐ 18 என்ற முழு அளவுகோலில் வைத்துப் பார்த்தால் 2.5 விழுக்காடு.
5. நோய் சீரான வேகத்தில் முற்றுவதாகக் கொண்டால், மருந்து பெற்றவர்கள் 18ஆம் மாதத்தில் எட்டிய நிலையை மற்றவர்கள் 13ஆம் மாதத்திலேயே எட்டிவிட்டார்கள். மருந்தால் கிடைத்தது ஏறக்குறைய ஐந்து மாத அவகாசம்.

இந்த எண்களில் ஒன்றும் பொய்யில்லை. (மருந்து நிறுவனங்கள் மூன்றாவதையும், மருந்தைக் குறைகூறுவோர் நான்காவதையும் விரும்புவதில் வியப்பில்லை.) குடும்பங்களுக்கு ஐந்தாவதே பயன்படும் என்பது இக்கட்டுரையின் கருத்து, ஏனெனில் ஐந்து மாதத்தில் என்ன நடக்கும், என்ன நடக்காது என்று அவர்களால் எண்ணிப் பார்க்க முடியும்.

0.45 என்ற வேறுபாட்டை நோயாளியோ அவரைப் பார்த்துக்கொள்பவரோ உணர முடியுமா என்பதில் நரம்பியல் வல்லுநர்களிடையே உடன்பாடு இல்லை. ஒருவரின் நிலை கண்ணுக்குத் தெரியும்படி மாறியிருக்கிறது என்று அவருடைய மருத்துவர் கருதுவதற்கு, தொடக்க நிலையில் ஏறத்தாழ 1 புள்ளியாவது மாற வேண்டும் என்று 2019இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அதன்படி பார்த்தால் 0.45 போதாது. தனி மனிதரின் மாற்றத்துக்கு வகுத்த அளவை இரு குழுக்களின் சராசரி வேறுபாட்டுக்குப் பொருத்துவது முறையன்று, சராசரிக்குள் நிறையப் பயன் பெற்றவரும் ஒன்றும் பெறாதவரும் கலந்திருப்பார்கள் என்பது எதிர்வாதம். எதிர்வாதம் சரியானதே. ஆனால் நிறையப் பயன் பெறப்போகிறவர் யார் என்பதை முன்கூட்டியே சொல்லும் வழி கிடைக்காதவரை, மருத்துவமனை வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு அதனால் பெரிய உதவி இல்லை.

இந்த மதிப்பெண் எப்படிக் கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நோயாளியோடு மட்டுமல்லாமல், அவரை நன்கு அறிந்த ஒருவரோடும் நீண்ட நேர்காணல் நடக்கிறது. இத்தகைய ஆய்வில் நோயாளி சேர வேண்டுமானால் அப்படி ஒரு துணைவர் உடன் சேர்ந்தாக வேண்டும். மகள் பார்க்கும் அப்பாவும், வேலை முடிந்து இரவில் வரும் மகன் பார்க்கும் அப்பாவும் ஒருவரே என்றாலும், இருவரும் சொல்லும் பதில் ஒன்றாக இராது. நினைவுத் திறனைச் சோதிக்கும் பொதுவான தேர்வுகளோ கல்வியைப் பெரிதும் சார்ந்தவை. பரவலாகப் பயன்படும் மொன்றியால் தேர்வில், 12 ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுக்கிறார்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்துவிட்டு பால்மரம் சீவப் போன ஒரு மூதாட்டிக்கு அந்த ஒரு மதிப்பெண் ஈடாகுமா என்பது ஐயத்துக்குரியது. அவருக்குக் குறைந்த மதிப்பெண் வந்தால் நோயாகவும் இருக்கலாம், கனசதுரம் வரைந்து பழக்கமில்லாததாகவும் இருக்கலாம்.

எதனோடு ஒப்பிட்டார்கள்? நீப்பா தந்த பாடம்

1998 செப்டம்பரில் பேராக்கின் கிந்தா பகுதியில் பன்றிப் பண்ணைகளில் வேலைசெய்தவர்களிடையே மூளைக்காய்ச்சல் பரவத் தொடங்கியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் கருதப்பட்டதால் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். தடுப்பூசி போட்டவர்களும் நோயுற்றார்கள். வழக்கமாகக் குழந்தைகளைத் தாக்கும் நோய், பன்றிகளோடு நேரடியாகப் பழகிய வளர்ந்த ஆண்களைத் தாக்கியது. நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நீப்பா வட்டாரத்துக்கு நோய் பரவிய பிறகு, 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து அதுவரை அறியப்படாத ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். சுங்கை நீப்பா என்ற ஊரின் பெயரே கிருமிக்கும் வைக்கப்பட்டது. நாட்டில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

நோயாளிகள் பலர் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அங்கே சிகிச்சை பெற்ற 94 பேரைப் பற்றிய ஆய்வறிக்கை 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. தசைகள் திடீர் திடீரெனத் துள்ளுதல், தசைநாண் அனிச்சைகள் மங்கிப்போதல், மூளைத்தண்டு பாதிக்கப்பட்டதற்கான அறிகுறிகள் என இந்நோயின் அடையாளங்களை உலகத்துக்கு முதன்முதலில் விரிவாக எடுத்துச் சொன்னவை இத்தகைய மலேசிய ஆய்வுகளே.

மருந்தோ இல்லை. வேறு கிருமிகளுக்குப் பயன்படும் ரிபவிரின் என்ற மருந்தை மருத்துவர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். அது கிடைத்த 140 பேரில் 45 பேர் இறந்தார்கள்; அதாவது 32 விழுக்காடு. அது கிடைக்காத 54 பேரில் 29 பேர் இறந்தார்கள், 54 விழுக்காடு. மருந்து உயிரைக் காத்தது என்று இந்த எண்களைப் பார்த்தவுடன் யாருக்கும் தோன்றும்.

அந்த 54 பேர் யார் என்று கேட்டால் படம் மாறுகிறது. அவர்கள் குலுக்கலில் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர். மருந்து வந்துசேர்வதற்கு முன் சிகிச்சை பெற்றவர்களும், மருந்தை வேண்டாம் என்றவர்களும்தான். நோய் இன்னதென்றே தெரியாத நாள்களில் வந்தவர்களுக்கும், தெரிந்தபின் வந்தவர்களுக்கும் மருந்து ஒன்றுதான் வேறுபாடா? பிந்தி வந்தவர்கள் விரைவாகச் சேர்க்கப்பட்டிருக்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவு அதற்குள் அனுபவம் பெற்றிருக்கலாம். நோயின் கடுமையிலேயே இரு தரப்பும் வேறுபட்டிருக்கலாம். பின்னாளில் வெள்ளெலிகளிடம் நடந்த சோதனையில் ரிபவிரின் இறப்பைத் தடுக்கவில்லை.

1999இல் குலுக்கல் முறை ஆய்வு நடத்தியிருக்க வேண்டும் என்று இன்று சொல்வது எளிது. வார்டு நிறைய இளைஞர்கள் நினைவிழந்து கிடக்கும்போது, பாதிப் பேருக்கு உப்புநீரைக் கொடுத்துவிட்டுக் காத்திரு என்று எந்த மருத்துவரிடமும் சொல்ல மனம் வராது. அந்த மனத்தயக்கத்துக்குத் தரும் விலை என்னவென்றால், கால் நூற்றாண்டு கடந்தும், இந்தியாவிலும் வங்காளதேசத்திலும் இந்நோய் மீண்டும் மீண்டும் தலைகாட்டும் இன்றும், ரிபவிரின் உதவுகிறதா இல்லையா என்ற கேள்வி திறந்தே கிடக்கிறது.

அதே மருத்துவ மையத்தின் தொடர் கண்காணிப்பு இன்னொன்றையும் வெளிக்கொணர்ந்தது. மூளைக்காய்ச்சலிலிருந்து மீண்டவர்களில் ஏறத்தாழ 7.5 விழுக்காட்டினருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து நோய் திரும்பியது. முதலில் அறிகுறியே இல்லாதிருந்த சிலருக்கும் பின்னர் மூளைக்காய்ச்சல் வந்தது. நோயாளி வீட்டுக்குப் போனவுடன் கோப்பை மூடியிருந்தால் இது தெரியவந்திருக்காது. நரம்பு நோய் ஆய்வுகளில் கண்காணிப்புக் காலம் எவ்வளவு என்று கேட்பது இதனால்தான்.

நம்பிக்கையும் வேலை செய்கிறது

போலிமருந்து என்றதும் ஏமாற்று என்ற எண்ணம் வருகிறது. நரம்பியலில் அது இன்றியமையாதது. பார்க்கின்சன் நோயில் டோப்பமின் என்ற வேதிப்பொருள் மூளையில் குறைந்துபோகிறது. 2001இல் வெளியான ஆய்வு ஒன்றில், மருந்து என்று நம்பி வெறும் உப்புநீர் ஊசி பெற்ற பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோப்பமின் உண்மையாகவே கூடுதலாகச் சுரப்பது படம்பிடித்துக் காட்டப்பட்டது. நம்பிக்கை மனத்தோடு நின்றுவிடாமல் எந்த வேதிப்பொருள் குறைந்ததோ அதையே சுரக்க வைத்தது.

அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் துணிச்சலானது. 40 பார்க்கின்சன் நோயாளிகளில் 20 பேருக்குக் கருவின் நரம்பணுக்கள் மூளையில் பதிக்கப்பட்டன. மற்ற 20 பேருக்கு மண்டையோட்டில் துளை மட்டும் இட்டு, மூளை உறையைத் தொடாமல் மூடிவிட்டார்கள். தம் நிலை எப்படி என்று நோயாளிகளே ஓராண்டு கழித்துத் தந்த ஒட்டுமொத்த மதிப்பீட்டில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தமக்கு நரம்பணு பதிக்கப்பட்டதாக நம்பியவர்கள், உண்மையில் பதிக்கப்பட்டதோ இல்லையோ, வாழ்க்கைத் தரம் மேம்பட்டதாகச் சொன்னார்கள் என்று பிறகு நடந்த பகுப்பாய்வு காட்டியது. போலி அறுவை நெறிமுறைக்கு ஒத்ததா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் அந்தப் போலிப் பிரிவு இல்லாமல் போயிருந்தால் இந்த அறுவை உலகம் முழுவதும் பரவியிருக்கும். நரம்பணு பதிக்கப்பட்டவர்களில் 15 விழுக்காட்டினருக்குப் பிற்பாடு வந்த, கட்டுப்படுத்த முடியாத உடல் அசைவுகளும் அதனோடு பரவியிருக்கும்.

மூலஉயிரணுச் சிகிச்சையால் நடுக்கம் நின்றது என்று காணொளியில் ஒருவர் கண்ணீரோடு சொல்வதைப் பார்க்கும்போது, அவர் பொய் சொல்வதாகக் கருத வேண்டியதில்லை. அவர் சொல்வதை மட்டும் சான்றாகக் கொள்ளத்தான் இயலாது.

யாரிடம் சோதித்தார்கள்?

கார்பமாசெப்பின் வலிப்புக்கும் முக நரம்பு வலிக்கும் கொடுக்கப்படும் பழைய மருந்து. 1950களில் சுவிட்சர்லாந்தில் உருவாகி, 1960களில் ஐரோப்பாவில் புழக்கத்துக்கு வந்தது. விலை குறைவு; நன்றாகவும் வேலை செய்கிறது. மிகச் சிலருக்கு மட்டும் மருந்து தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல், வாய்ப்புண், தோல் கொப்பளித்து உரிதல் என ஸ்டீவன்ஸ்–ஜான்சன் நோய்க்குறி வருகிறது. இது உயிருக்கே ஆபத்தானது.

2004இல் தைவான் ஆய்வாளர்கள் இத்தகைய 44 நோயாளிகளின் மரபணுவைப் பார்த்தபோது, 44 பேரிடமும் எச்எல்ஏ-பி*15:02 என்ற வடிவம் இருந்தது. மருந்தைத் தாங்கிக்கொண்டவர்களில் 3 விழுக்காட்டினரிடமே அது இருந்தது. நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு 'இது நம்முடையது, இது அயலானது' என்று அடையாளம் காட்டும் புரதத்தின் ஒரு வடிவம் இது. மருந்து அதனோடு ஒட்டிக்கொள்ளும்போது உடல் தன் தோலையே தாக்கத் தொடங்குகிறது. ஐரோப்பியரிடம் இந்த வடிவம் அநேகமாக இல்லை. தென்கிழக்காசிய மக்களிடமும் சீனரிடமும் கணிசமாக உண்டு. இந்தியரிடம் அவ்வளவு இல்லாவிட்டாலும் உண்டு. மலேசியாவின் மூவின நோயாளிகளிடம் பின்னர் நடந்த ஆய்வுகளிலும் இத்தொடர்பு தென்பட்டது.

ஐரோப்பாவில் எத்தனை ஆயிரம் பேரிடம் சோதித்திருந்தாலும் இந்த ஆபத்தின் முழு அளவு அங்கே வெளிப்பட்டிருக்காது. ஆசியாவில் தேடியதால்தான் தெரிந்தது. 2007 டிசம்பரில் அமெரிக்க நிர்வாகம் ஆசிய வழியினருக்கு மருந்து தொடங்குமுன் மரபணுச் சோதனை செய்யும்படி அறிவுறுத்தியது. பின்னர் தைவானில் 4,877 பேரை முன்கூட்டியே சோதித்து, அந்த வடிவம் இருந்த 7.7 விழுக்காட்டினருக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். பழைய கணக்குப்படி ஏறத்தாழ 10 பேருக்கு வந்திருக்க வேண்டிய அந்நோய் ஒருவருக்கும் வரவில்லை. இதுவும் பழைய கணக்கோடு செய்த ஒப்பீடுதான். ஆனால் நீப்பா ஆய்வைப் போலன்றி, இங்கே காரணத்தின் இயக்கம் தெளிவாகத் தெரிந்திருந்தது, முடிவும் பூச்சியமாக இருந்தது.

கார்பமாசெப்பின் எடுத்துக்கொண்டு நலமாக இருப்பவர் இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவதே ஆபத்து. புதிதாகத் தொடங்குபவர்தான் மரபணுச் சோதனை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். தொடங்கிய சில வாரங்களில் வாய்ப்புண்ணோ தோலில் தடிப்போ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

லெகனெமாப்: மறுபக்கம்

இதே 'யார்' என்ற கேள்வி லெகனெமாப் விஷயத்திலும் கடுமையாக எழுகிறது. மருந்து பெற்றவர்களில் 12.6 விழுக்காட்டினருக்கு மூளை வீக்கமும், 17.3 விழுக்காட்டினருக்கு நுண்ணிய இரத்தக் கசிவு உள்ளிட்ட மாற்றங்களும் படத்தில் காணப்பட்டன; போலிமருந்துப் பிரிவில் இவை முறையே 1.7, 9.0 விழுக்காடு. வீக்கம் கண்டவர்களில் பெரும்பாலோர் எதையும் உணரவில்லை. ஆனால் ஏபிஓஇ-4 என்ற மரபணு வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களில் வீக்கம் 32.6 விழுக்காடு. ஐரோப்பிய முகமை மனம் மாறியபோது இப்பிரிவினரை விலக்கிவிட்டே ஏற்றுக்கொண்டது.

ஆய்வில் மருந்தை இரு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றினார்கள். தொடங்குமுன் அமிலாய்டு இருப்பதைப் பெட் ஸ்கேன் படம், தண்டுவட நீர்ச் சோதனை போன்றவற்றால் உறுதிசெய்ய வேண்டும். பிறகு வீக்கத்தைக் கண்காணிக்க எம்ஆர்ஐ படங்கள். அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட தொடக்க விலை ஆண்டுக்கு 26,500 டாலர். இந்த ஏற்பாடு முழுவதும் நோயின் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே. "வயசானா அப்படித்தான்" என்று வீட்டில் நாளைக் கடத்திவிட்டு, பிள்ளையின் பெயர் மறந்தபின், வழி தவறித் தெருவில் நின்றபின் மருத்துவரிடம் வருவோருக்கு இம்மருந்து பயன்படும் என்பதற்குச் சான்று இல்லை.

நம்மிடையே இன்னொரு சிக்கலும் உண்டு. மலேசியக் கணக்கெடுப்புகளில் நீரிழிவு இந்தியரிடம்தான் தொடர்ந்து மிகுதியாகக் காணப்படுகிறது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் மூளையின் சிறு இரத்தக் குழாய்களைக் கெடுத்து வேறொரு வகை மறதியை உண்டாக்குகின்றன. முதுமையில் இரண்டு வகையும் கலந்தே வருவது வழக்கம். அமிலாய்டை அகற்றும் மருந்து கெட்டுப்போன இரத்தக் குழாயைச் சரிசெய்யாது.

கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கு அழைத்தால்

மலேசியாவில் பதிவுபெறாத மருந்தை ஆய்வுக்காகக் கொண்டுவரச் சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறை முகமையிடம் அனுமதி பெற வேண்டும். ஆய்வுத் திட்டத்தை நெறிமுறைக் குழு ஒன்று ஏற்க வேண்டும். நிறுவனங்களின் ஆய்வுகளை ஒருங்கிணைக்க 2012இல் அமைச்சு தனி அமைப்பையும் உருவாக்கியது. தலைநகரிலும் பினாங்கிலும் பெரிய மருத்துவமனைகளில் ஆய்வு மையங்கள் உள்ளன.

அழைப்பு வரும் குடும்பங்கள் முதலில் விலக்க வேண்டிய எண்ணம், 'இது எனக்காகத் தேர்ந்தெடுத்த சிகிச்சை' என்பது. ஆய்வு என்பது ஒரு கேள்விக்கு விடை தேடுவது. பயன் இந்த நோயாளிக்கு வரலாம், வராமலும் போகலாம். ஆய்வில் இருப்பவரை வழக்கத்தைவிட நெருக்கமாகக் கவனிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அவர் பெறுவது போலிமருந்தாக இருக்கக்கூடும் என்பதும் உண்மை.

கையொப்பம் இடுவதற்கு முன் கேட்க வேண்டியவை:

1. இது எந்தக் கட்ட ஆய்வு? எனக்குப் போலிமருந்து கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு? இப்போது சாப்பிடும் மருந்துகளை நிறுத்தச் சொல்வீர்களா?
2. விளக்கப் படிவம் தமிழில் உண்டா? வாசிக்க இயலாதவராக இருந்தால், ஆய்வைச் சாராத நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருந்து, சொல்லப்பட்டது சரியாகச் சொல்லப்பட்டதா என்று உறுதிசெய்ய வேண்டும் என்பது அனைத்துலக நெறி. தாதியரோ மருத்துவரோ அவசரமாக வாய்மொழியில் சுருக்கிச் சொல்வது அதற்கு ஈடாகாது. படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், படித்தவர் ஒருவரிடம் காட்டிவிட்டு வர உங்களுக்கு உரிமை உண்டு.
3. மறதி நோயாளிக்காகக் கையொப்பம் இடுபவர் சட்டப்படி அவருடைய சார்பாளராக இருக்க வேண்டும். அப்படியிருந்தும், அவர் தலையசைத்தாலும் மறுத்தாலும் அதற்கு மதிப்புண்டு. ஊசியைக் கண்டு ஒவ்வொரு முறையும் கையை இழுத்துக்கொள்ளும் ஒருவரை, பிள்ளை கையொப்பம் இட்டார் என்பதற்காகக் கட்டாயப்படுத்த முடியாது.
4. உடன் வருபவர் யார்? இரு வாரத்துக்கு ஒருமுறை வேலைக்கு விடுப்பு எடுக்க யாரால் முடியும்? போக்குவரத்துச் செலவை யார் தருவார்கள்? சிலாங்கூரின் உட்பகுதியிலிருந்தோ செபெராங் பிறையிலிருந்தோ வரும் குடும்பம் ஆய்விலிருந்து பாதியில் விலக நேர்ந்தால், அதற்குக் காரணம் பக்கவிளைவாக இருப்பதைவிட இந்தக் கேள்வியாகவே பெரும்பாலும் இருக்கும்.
5. உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு என்று படிவத்தில் எங்கே எழுதியிருக்கிறது?
6. மருந்து எனக்கு உதவுவதாகத் தெரிந்தால், ஆய்வு முடிந்தபின்னும் அது கிடைக்குமா? கிடைக்காது என்பதே பல ஆய்வுகளின் பதில். அதை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

எந்த நிலையிலும், காரணம் சொல்லாமலேயே, ஆய்விலிருந்து விலகலாம். விலகியதற்காக அந்த மருத்துவமனை வழக்கமான சிகிச்சையைக் குறைக்கக் கூடாது. கையொப்பமிட்ட படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள அவசரத் தொலைபேசி எண்ணை, நோயாளியோடு பகலில் வீட்டில் இருப்பவர் கைப்பேசியில் பதிந்து வைக்க வேண்டும். வேறு ஏதாவது நோய்க்காகப் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனாலும், நோயாளி ஆய்வில் இருக்கிறார் என்பதை அங்கே சொல்ல வேண்டும். லெகனெமாப் போன்ற மருந்து பெறுபவருக்குத் திடீரென வரும் தலைவலியோ குழப்பமோ மூளை வீக்கத்தின் அறிகுறியாக இருக்கலாம். அதைப் பக்கவாதம் என்று கருதி இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்துவிட்டால் மூளையில் பெரும் இரத்தப்போக்கு ஏற்படக்கூடும்.